மேல்தட்டுக்குக் கீழே கட்டிய இரண்டு மைக்

அனிற்றா, கிருபன், இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது. போன கிழமை கிருபன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். "அப்பா, நீங்கள் நடு அறை முழுக்க வயர் இழுத்துச் செய்த வேலையை இப்ப போனே செய்யுது. ஹெட்போனைப் போட்டால் பின்னுக்கும் சத்தம் கேக்குது" என்றான். போட்டுப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, பின்னுக்கும் கேட்டது. நல்லாகவும் இருந்தது.

ஆனால் பின்னுக்குக் கேட்டால் மட்டும் காணாது பிள்ளைகள். பின்னுக்கு எந்தப் பக்கம் என்று சரியாகக் கேட்க வேண்டும். அதை நான் எப்படிப் படித்தேன் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. அனிற்றா, அந்தத் திருநாளில் மைக் பழுதான கதை மட்டும்தான் உனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம் என்று சொன்ன மனுசன் இப்போது இல்லை. ஆனபடியால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் வெள்ளாங்குளத்து வயல்காரக் குடும்பம் என்பது தெரியும்தானே. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மன்னார் ரவுனில் லெம்பேட் அண்ணரின் லவுட்ஸ்பீக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கலியாணவீடு, செத்தவீடு, பெருநாள், திருநாள், கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி இறக்கியே கனகாலம் போனது. சண்டைக் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தது, திறந்தது, திரும்பப் பூட்டியது. அந்த வருசங்களைப் பற்றி வேறெங்காவது எழுதலாம்.

லெம்பேட் அண்ணர் எப்போதும் இடுப்பில் வெள்ளைச் சாரமும், சட்டைப்பையில் கறண்ட் பார்க்கிற ஒரு நீட்டு ரெஸ்ரருமாக நிற்பார். வேலை சரி என்றால் "ம்" என்பார். பிழை என்றால் "ஐசே" என்று தொடங்குவார். அந்த "ஐசே"க்குப் பயந்தே நான் தொழில் படித்தேன். வயரைச் சுருட்டும்போது முறுக்கு விழுந்தால் பேசமாட்டார். முழுவதையும் அவிழ்த்து நிலத்தில் எறிந்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். திரும்பி வரும்போது சரியாகச் சுருட்டியிருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எத்தனை மைக் வைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவன் போய் நின்று கைதட்டி, தான் நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். "பீடம், வலது." "வாசல், இடது." மற்றவன் மெசினில் எந்த வெளிச்சம் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். நூறு தரம் வைத்த இடத்திலேயே வைத்தாலும் தட்டித்தான் ஆக வேண்டும். "வயர் பொய் சொல்லும் தம்பி. கை பொய் சொல்லாது" என்பார்.

சண்டை முடிந்த பிறகு சனம் திரும்பிவர, வெளிநாட்டில் இருந்தவர்களும் திருநாளுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய வீடுகளில் ஹோம் தியேட்டர் இருந்தது. முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, அடிச்சத்தத்துக்கு நிலத்தில் ஒரு பெரிய பெட்டி. "கோயிலுக்குள்ள நடுவில இருக்கிற மாதிரி ஒரு டிஸ்க் செய்து தாங்கோ" என்று கேட்டார்கள். அண்ணருக்கு கொம்பியூட்டர் என்றால் அலர்ஜி. "நீ செய்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். அப்படித்தான் எங்கள் தோட்டவெளி வீட்டு நடு அறைக்குள் அந்தப் பழைய கொம்பியூட்டரும், சுற்றிவர ஆறு பெட்டியும், நடுவில் ஒரு கதிரையும் வந்தன.

முதல் தரம் இரண்டு சவுண்ட் காட் போட்டு ஒரு பூசையைப் பதிந்தேன். முன் மைக் ஒன்றில், பின் மைக் மற்றதில். தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியிருந்தது. பூசை முடிகிற இடத்துக்கு வர, பாதர் ஒன்று சொல்ல, அதையே இன்னொரு பாதர் பின்னால் நின்று நெளித்து நையாண்டி காட்டுகிற மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு காட்டுக்கும் உள்ளே தனித்தனி மணிக்கூடு ஓடுகிறது, இரண்டும் ஒரே சீராக ஓடாது என்று பிறகுதான் விளங்கியது. அண்ணர் கேட்டுவிட்டு, "உண்மையைத்தானே பிடிச்சிருக்கிறாய்? எங்கட கோயில்ல கடைசி வாங்கில இருக்கிற சனம் எப்பவும் பிந்தித்தான் செபிக்கும்" என்றார். அதற்குப் பிறகு எல்லா மைக்கையும் ஒரே பெட்டிக்குள் குத்துகிற மெசின் ஒன்றை எடுத்தோம்.

இனித்தான் அந்தத் திருநாள். கோயிலின் பேரை எழுதவில்லை. தீவில், கடல் பக்கம். வாசலுக்கு மேலே, பின்பக்கத்தில், பாட்டுக்காரர் நிற்கிற மரத் தட்டு ஒன்று உண்டு. மேல்தட்டு என்போம். அதைத் தாங்குகிற வளைமரங்களின் நுனிகள் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் போய்ச் செருகியிருக்கும். கீழே நின்று பார்த்தால் சுண்ணாம்புச் சுவர்தான் தெரியும்.

திருநாளுக்கு முந்தின ஒரு நவநாள் செபத்தைப் பதிய வேண்டும். அன்று கறண்ட் இல்லை. செபம் தொடங்கப்போகிற நேரத்தில்தான் வந்தது. முன்னுக்கு மூன்று மைக்கையும் பீடத்தைப் பார்க்க வைத்து, தட்டிப் பார்த்தாகிவிட்டது. பின்னுக்கு இரண்டையும் மேல்தட்டுக்குக் கீழே இருபக்கத் தூணிலும் கட்ட ஏணியில் ஏறினேன். கட்டி, வயரைக் குத்தி இறங்க, மணி அடித்துவிட்டார்கள்.

"தம்பி, பின்னுக்கு ரெண்டும் தட்டினதோ?"

"இல்லை அண்ணை. இறங்கவே நேரம் போட்டுது."

"சரி விடு. இப்ப கோயிலுக்கு நடுவில நிண்டு கைதட்டினால் பாதர் செபத்தை நிப்பாட்டிப் போட்டு எங்களுக்கு வைப்பார் பூசை."

அடுத்த நாள் வீட்டில் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகக் கேட்டேன். அது என் வழக்கம். ஒன்றைத் திறந்து மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. சேர்த்துக் கேட்டால் பாட்டுத்தான் கேட்கும். தனியாகக் கேட்டால் இருமல், பிள்ளை அழுகிறது, சோளகக் காற்றில் யன்னல் அடிக்கிறது எல்லாம் கேட்கும். பின் வலது மைக்கைத் திறந்தபோது ஒரு பாட்டு முடிந்து பாட்டுக்காரர் மேலே உட்காருகிற இடம். 'டிக்' என்று காய்ந்த சத்தம் ஒன்று. அதன் பின்னால் மெல்லிய இழுவை. வயர் பழுது என்று நினைத்தேன். அடுத்த பாட்டுக்கு அவர்கள் எழும்ப, திரும்ப 'டிக்', திரும்ப இழுவை. பின் இடதைத் திறந்தேன். அதே இடத்தில் அங்கே தூரத்தில்தான் கேட்டது. பாட்டுக்காரர் அசையும்போது மட்டும் வருகிற சத்தம்.

லெம்பேட் அண்ணரைக் கூப்பிட்டேன். வந்து நடுக் கதிரையில் இருந்து கண்ணை மூடினார். "திரும்பப் போடு" என்றார். போட்டேன். வலது தோளுக்குப் பின்னால் விரலைக் காட்டினார்.

"இது வயர் இல்லை. மரம். நான் தோணிக்காரன்ர மகன். பாரம் தாங்கேலாத மரம் இப்பிடித்தான் கதைக்கும். எந்தப் பக்கம்?"

"வலது அண்ணை. ஆம்பிளையளின்ர பக்கம்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். பீடத்தைப் பார்த்தால் வலது ஆண்கள், இடது பெண்கள். நான் வேதக்காரன் இல்லை, கிறிஸ்தவம் உங்கள் அம்மாவின் பக்கம். வேலைக்குப் போனால் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறவன். பக்கம் வெறும் பக்கமாகத்தான் எனக்குத் தெரியும். யார் எங்கே இருந்து பாடுகிறார்கள் என்று மனதில் வைத்ததில்லை.

அன்று பின்னேரமே போனோம். கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பரும் தச்சுவேலை யோகனும் வந்தார்கள். மூப்பருக்குத் திருநாள் வேலையோடு இது வேறு வேலை. யோகன் வலது பக்கச் சுவரைக் கொத்தி வளையின் நுனியைப் பார்த்தான். மீளக்குடியேறின நேரம் போட்ட புதுப் பாலை மரம். சுத்தியலால் அடித்தான். கல் மாதிரிச் சத்தம். மேலே ஏறி அதே இடத்தில் துள்ளியும் காட்டினான்.

"லெம்பேட்டு, உம்மட ஆளுக்கு காதுக்குள்ள வண்டு போட்டுது. பண்டிகைக்கு முதல் ஒருக்கா மருந்து விடும்" என்று மூப்பர் சொல்ல, பந்தல் கட்டிக்கொண்டிருந்த பெடியள் சிரித்தார்கள். ஒருவன் வாயால் 'டிக்' என்றான்.

மற்றப் பக்கத்தைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே புனிதரின் சிலையை, சுருவம் என்போம், பூவால் சோடித்து, சுற்றுப்பவனிக்கு ஆயத்தமாகச் சுவரோடு வைத்திருந்தார்கள். அதை அசைக்க மூப்பர் விடமாட்டார். கேட்கவும் எங்களுக்கு முகம் இல்லை. நான்தானே அடித்துச் சொன்னேன், வலது என்று.

அண்ணர் போகும்போது "ஐசே" என்றுகூடச் சொல்லவில்லை. "காலமை நான் தனியச் சமாளிக்கிறன். நீ டிஸ்க்கை முடிச்சுக்கொண்டு வா" என்றார்.

திருநாள் காலை. அனிற்றா, நீ பாட்டுக்குழுப் பிள்ளைகளோடு முதலே போய்விட்டாய். உங்கள் கோயில் குழுவோடு வெளியூர்க் குழு ஒன்றும் சேர்ந்து மேலே நிற்கப்போகிறது என்று முதல் நாள் முழுக்க அதே கதைதான் உனக்கு. கிருபன் பெரியம்மா வீட்டில். உங்கள் அம்மா சீலை உடுத்து, பூ வைத்து, மோட்டார் சைக்கிளில் போக ஆயத்தமாக நின்றாள். நான் டிஸ்க்கை ஒருமுறை முழுதாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றக் கதிரை எல்லாம் வயர். ஆனபடியால் அம்மா நடுக் கதிரையில் இருந்தாள். மன்றாட்டு மாலை போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, உது என்ன கூத்து?"

"என்ன?"

"முன்னுக்குப் பொம்பிளையள் இடக்கைப் பக்கம் நிண்டு சொல்லினம். பின்னுக்கு அவையள் ஏன் ஆம்பிளையளின்ர வாங்கில போய் இருக்கினம்?"

"எங்க?"

"இஞ்ச, இந்தப் பக்கம்" என்று வலது தோளுக்குப் பின்னால் காட்டினாள். "இது எங்கட மதலேன் அக்காவின்ர குரல். அவ செத்தாலும் ஆம்பிளையளின்ர பக்கம் போய் இருக்கமாட்டா."

எழும்பி நின்றேன். அந்த ஏணியில் நின்ற மாதிரியே, அறையின் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முன் மைக்குகளைப் பீடத்தைப் பார்த்து நின்று குத்தியிருக்கிறேன். பின் மைக்குகளை மேல்தட்டைப் பார்த்து நின்று குத்தியிருக்கிறேன். என் வலது கை, கோயிலின் இடது பக்கம். அந்தச் சத்தம் பெண்கள் பக்கச் சுவருக்குள் இருந்து வந்திருக்கிறது. பெண் பிள்ளைகள் மேல்தட்டில் நிற்பதும் அதே பக்கம்தான்.

அண்ணருக்குப் போன் அடித்தேன். பூசை வேலையில் அவர் போனை நிற்பாட்டிவிடுவார். மூப்பரின் நம்பர் என்னிடம் இல்லை. அம்மா எதையும் கேட்காமல் வந்து பின்னால் ஏறினாள். வழியெல்லாம் செபமாலை சொன்னாள். ஓரிடத்தில் கழுதைகள் றோட்டை அடைத்து நின்றன. ஹோன் அடித்தேன், அசையவில்லை. உங்கள் அம்மா இறங்கி ஓடிப்போய்ச் செருப்பைக் கழற்றி அடித்து விலத்தினாள். உடுத்த பட்டுச் சீலையோடு.

போய்ச் சேர, மணி அடிக்கிறது. குருமார் வெளியே வரிசையாக நிற்கிறார்கள். மேலே வருகைப் பாட்டுத் தொடங்கிவிட்டது. மேல்தட்டு நிறைந்து, விளிம்புக் கம்பி வரைக்கும் ஆட்கள். நீ பெண்கள் பக்கத்து மூலையில், சுவரோடு நின்றாய். என்னைக் கண்டு கை காட்டினாய்.

அண்ணர் பக்கவாசலில் மெசினுக்கு முன்னால் இருந்தார்.

"அண்ணை, பக்கம் மாறிப்போச்சு. சத்தம் இடது பக்கம்."

"ஐசே, நேத்து வலது, இண்டைக்கு இடது. நாளைக்குப் பீடமோ?"

"நான் மேல்தட்டைப் பாத்து நிண்டு வயர் குத்தினனான். நாங்கள் தட்டிப் பாக்கேல்லை, அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"பிள்ளை மேலயோ?"

"ஓம்."

"கத்தாதை. கத்தினால் எல்லாரும் ஒரேயடியாப் படிக்கு ஓடுவினம். தட்டு விழ அந்தப் பாரமே காணும்."

என் வாயில் கூவல் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். அவர் மெசினில் கை வைத்தார். அந்த மனுசன் தன் தொழிலில் ஒரு நாளும் பூசைக்கு நடுவில் சத்தம் நிற்க விட்டதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லித் திரிகிறவர். மேல்தட்டுக்குப் போகிற வயரைப் பிடித்து இழுத்தார்.

பாட்டு ஸ்பீக்கரில் செத்தது. மணிச்சத்தத்துக்குள் அவர்களின் குரல் எடுபடவில்லை, மேலே வாயசைப்பது மட்டும் தெரிந்தது. கோயில் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. அண்ணர் கைமைக்கை எடுத்து, கலியாணவீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"மேல மைக் பழுதாப்போச்சு. குறை நினையாதேங்கோ. பாட்டுக்காரர் பீடத்துக்குப் பக்கத்தில வந்து பாடுங்கோ, அங்க மைக் இருக்கு. அவசரம் இல்லை. பெண்கள் பக்கத்தில நிக்கிறவை முதல். ஒவ்வொருத்தரா."

வாசித்துக்கொண்டிருந்த ஓகன் பெட்டியை விட்டு எழும்பி, பாட்டு மாஸ்ரர் எட்டிப் பார்த்தார். "அண்ணை, ஓகன் மேலயெல்லோ கிடக்கு!"

"ஓகன் கிடக்கட்டும். நீர் வாரும்."

மூப்பர் கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "லெம்பேட்டு! திருநாள் பூசையில கோயிலின்ர மானத்தை வாங்கிப் போட்டீர்! குருமார் வெயிலுக்கை நிக்கினம்!"

"ஓம், பிழைதான். பூசை முடிய வந்து பேசும்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்கலாம். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் கோபத்தோடு. நான் படியடியில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரின் தோளிலும் கை வைத்து முன்னுக்கு அனுப்பினேன். உன்னைக் காணவில்லை. மூலையில் நின்றதால் நீ கடைசி ஆட்களோடு சேர்ந்துவிட்டாய். அப்போது மேலே அந்தச் சத்தம் கேட்டது. மைக் இல்லாமல், என் காதால். டிக். பிறகு இழுவை. இந்தத் தரம் இழுவை நிற்கவில்லை. மெதுவாக நீண்டுகொண்டே போனது.

நீ இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் போனாய். உன் கூட்டாளிகளுக்கு முன்னால் அப்பாவின் மைக் பழுதாகிவிட்டது. உனக்கு வெட்கம். நான் உன் தோளில் கை வைக்க, தட்டிவிட்டுப் போனாய். நல்லாய்த் தட்டினாய்.

ஓகன் இல்லாமல்தான் பாடினீர்கள். எப்படிப் பாடினீர்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் பூசை முழுக்கப் படிக்குக் குறுக்கே நின்றேன்.

பூசை முடிந்து சுருவத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் சுற்றுப்பவனிக்குப் போனார்கள். இடம் வெளித்தது. யோகன் பெண்கள் பக்கச் சுவரைக் கொத்தினான். பழைய மரம். கறையான் உள்ளுக்குத் தின்று, வெளித்தோலை மட்டும் விட்டிருந்தது. அண்ணர் சட்டைப்பையிலிருந்து ரெஸ்ரரை எடுத்துக் கொடுத்தார். யோகன் குத்த, அது கைப்பிடி வரைக்கும் போனது. வெண்ணெய்க்குள் போகிற மாதிரி. இழுக்க, மாப்போலத் தூள் கொட்டியது.

மூப்பர் வாங்கில் இருந்துவிட்டார். பிறகு, "என்ர பேத்தியும் மேல நிண்டவள்" என்றார்.

பாதரிடம் சொல்ல வேண்டும், எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று மூப்பர்தான் ஒற்றைக்காலில் நின்றார். அண்ணர் விடவில்லை. "பாதருக்குச் சொல்லுங்கோ. படியைப் பூட்டுங்கோ. சனத்துக்கு ஒண்டும் வேண்டாம். இப்ப சொன்னால் வெளியில நிக்கிற தாய்மார் எல்லாம் இஞ்சை விழுந்து குழறுவினம். புது மரம் போட்டாலும் பிறகு ஒரு பிள்ளையும் மேல ஏறாது. மைக் பழுதெண்டே கிடக்கட்டும்." அப்படியே கிடந்தது. லெம்பேட்டின் மைக் செற் திருநாள் பூசையில் படுத்துவிட்டது என்று தீவெல்லாம் கதைத்தார்கள். இரண்டொரு கோயில்கள் வேறு ஆட்களைப் பிடித்தன. அவர் சாகும்வரை யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. என்னை ஏசவுமில்லை. அடுத்த வேலையில் பின் மைக் கட்டும்போது மட்டும் ஏணியடியில் வந்து நின்று, "இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார்.

கிருபன், உன்னுடைய போனுக்கு நான் எதிரி இல்லை. அதை வைத்து எதைப் பதிந்தாலும், கேட்கும்போது அந்த இடத்தில் இருந்த ஆள் ஒருவரைக் கதிரையில் இருத்திக் கேள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அந்தத் திருநாளன்று அண்ணரும் மூப்பரும் யோகனும் பாதரைத் தேடிப் போன பிறகு நான் வயர் சுருட்ட நின்றுவிட்டேன். பவனி கடல் பக்கம் திரும்பிவிட்டது. பாட்டுச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. கோயிலுக்குள் ஆளில்லை. படியடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மேலே ஏறும்போது கழற்றிவிட்டவை. இறங்கின அவசரத்தில் ஒருவரும் போடவில்லை, எல்லாரும் வெறுங்காலோடு பவனிக்குப் போய்விட்டார்கள். நான் நிலத்தில் இருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, மண் தட்டி, இடது எது, வலது எது என்று பார்த்துச் சோடி சேர்த்து, சுவரோரம் வரிசையாக வைத்தேன். உன்னுடையதை, அனிற்றா, கடைசியில்தான் கண்டுபிடித்தேன். ஒன்று படிக்குக் கீழே, மற்றது வாங்குக்கு அடியில். இரண்டையும் எடுத்து, மற்றவற்றோடு வைக்காமல், மெல்ல வெளியே கொண்டுபோய் வாசலில், நீ வந்தவுடன் கால் போடக்கூடிய மாதிரித் திருப்பி வைத்தேன்.